லாலி செய்த 'தப்பு'

பாண்டிச்சேரிப் போர்களைப் பற்றிய புத்தகங்களில் லாலி மீது ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. 1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதியாக வந்து இறங்கியவன், உடனே கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைமேல் படை நடத்தினான். வண்டி போதவில்லை, மாடு போதவில்லை, சுமை தூக்க ஆளும் போதவில்லை. பாண்டிச்சேரி ஜனங்களைச் சாதி பார்க்காமல் பிடித்து மூட்டை தூக்க வைத்தான். ஜூன் 2ஆம் தேதி கோட்டை விழுந்தது.

படை ஜெயித்த கதை இது. ஆனால் ஓர்ம் தொடங்கி மல்லேசன் வரை வெள்ளைக்காரர்கள் எழுதியதும், அதைப் பார்த்து நம்மூர்ப் பண்டிதர்கள் எழுதியதும் என்ன? லாலிக்கு நாட்டு வழக்கம் தெரியவில்லையாம். மேல்சாதிக்காரனைச் சுமை தூக்க வைத்து ஜனங்களின் மனசைப் புண்படுத்திவிட்டானாம்.

எந்த ஜனங்கள்? எவன் மனசு?

அந்தச் சுமையை அதற்கு முந்தின நாள் வரைக்கும் தூக்கினது யாரு? நெல் மூட்டையையும் உப்பு மூட்டையையும், செத்த மாட்டையும் ஆண்டையோட பல்லக்கையும் தூக்கினது யாரு? நம்ம சனங்க தலைமுறை தலைமுறையாத் தூக்கினப்ப அது 'நாட்டு வழக்கம்'. அதையே மத்தவன் கொஞ்ச நாள் தூக்கினா அது 'சரித்திரப் பிழை'. இருநூற்று அறுபது வருசமா ஒப்பாரி ஓயல.

லாலிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. வெட்டி வேலை யார் தலையில் ஏற்றினாலும் வெட்டி வேலைதான். அவன் சமத்துவம் பேச வந்தவனும் இல்லை. 1760 நவம்பரில் கூட்டின் படை நகரத்தை முற்றுகையிட்டு, தானியம் தீர்ந்துபோனபோது அவன் செய்ததைப் பாருங்கள். ஆண், பெண், குழந்தை, கிழடு என்று சுமார் 1400 பேரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினான். ஆங்கிலேயன் வழிவிடவில்லை. திரும்பினால் பிரெஞ்சுக்காரன் சுடுகிறான். இரண்டு படைக்கும் நடுவில் புல்லையும் கிழங்கையும் பிடுங்கித் தின்றுகொண்டு எட்டு நாள் அலைந்தார்கள். இதுவும் ஓர்ம் எழுதியதுதான். மேல்சாதித் தோளில் மூட்டை ஏறியதற்கு அழுத பண்டிதர்கள் இந்த 1400 வயிற்றுக்கு எத்தனை வரி ஒதுக்கினார்கள்?

1761 சனவரியில் பாண்டிச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயன் கோட்டையைத் தரைமட்டமாக்கினான். லாலியின் தலையை 1766இல் பாரீசில் வெட்டினார்கள். பிறகு நகரம் பிரெஞ்சுக்காரனுக்கும் ஆங்கிலேயனுக்குமாகக் கை மாறிக்கொண்டே இருந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடந்த எல்லையை மட்டும் எந்தப் பீரங்கியும் தொடவில்லை. கோயிலுக்குள்ளேயே அந்த எல்லை இருந்தது. சம்பா கோயிலில் பறைக் கிறித்தவர்களைப் பிரித்து ஒரு சுவர். 1745இல் அதை இடித்தபோது சாதிக் கிறித்தவர்கள் போட்ட கூச்சலை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலேயே படிக்கலாம். கோட்டை மதில் இடிந்ததற்கு ஒரு கணக்கு, இந்தச் சுவர் இடிந்ததற்கு இன்னொரு கணக்கு. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது பாண்டிச்சேரி சரித்திரம்.

எங்க ஊர் குயிலாப்பாளையம், பாண்டிச்சேரி எல்லையை ஒட்டின செம்மண் மேடு. பாளையம் என்றால் படை இறங்கும் இடம் என்கிறது அகராதி. 1778 ஆகஸ்டில் ஹெக்டர் மன்றோவின் படை பாண்டிச்சேரிக்கு நாலு மைல் தூரத்தில் செம்மண் மேட்டில்தான் பாசறை இறங்கியது. படை என்றால் துப்பாக்கிக்காரன் மட்டுமா? பள்ளம் வெட்டினவன், பீரங்கி இழுத்தவன், தண்ணி சுமந்தவன், குதிரைக்குப் புல்லறுத்தவள், பொணம் பொதைச்சவன் இல்லாமல் எந்தத் தளபதி ஜெயித்தான்? 1780இல் கம்பெனி தொடங்கிய சென்னை பயனியர் படையிலிருந்து வளர்ந்த சாப்பர் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். பிற்பாடு 'போர்க்குடி' என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பட்டாளக் கதவையும் வெள்ளைக்காரன் சாத்தத் தொடங்கினான்.

கடற்கரையில் டூப்ளேக்குச் சிலை இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். நம் மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடுத்த தடவை வகுப்பில் எவராவது "லாலி சாதி வழக்கத்தை மதிக்கவில்லை, அதுதான் தப்பு" என்று பாடம் நடத்தினால் எழுந்து நில்லுங்கள். "ஐயா, அந்த வழக்கப்படி யார் தூக்கணும்?" என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நம்ம சரித்திரத்தை அங்கேருந்து எழுத ஆரம்பிக்கலாம்.