கேட்க வேண்டியதைக் கேட்டோமா?

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கும் அரசு உதவி பெறும் பள்ளி. இரண்டு வருடமாகச் சாரணியர் படையில் இருக்கிறாள். சென்ற அரையாண்டு விடுமுறைக்கு முன் ஒரு தாளை நீட்டினாள். "அஞ்சு நாள் முகாம்மா, நீயும் அப்பாவும் கையெழுத்துப் போடணும்" என்றாள். முகாம் நடக்கும் இடம் பங்குக் கோயில் மண்டபம் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது!

"கும்பேஸ்வரர் கோயில் மணி கேட்டு எந்திரிக்கிற புள்ள, அஞ்சு ராத்திரி சர்ச்சுல தங்குறதா? ஜெபம் பண்ண வச்சுருவாங்கம்மா" என்றார் என் மாமியார். மன்னார்குடியிலிருந்து நாத்தனாரும் போன் போட்டுத் தடுத்தார். என் கணவர் பட்டும் படாமலும், "உன் இஷ்டம்" என்று ஒதுங்கிக்கொண்டார். நானும் டீச்சருக்கு நாலு தடவை போன் போட்டேன். நாலு தடவையும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஜெபம் உண்டா டீச்சர்?"

எதிர்வீட்டு அக்கா கிறிஸ்தவர். அவர் மகளும் அதே படையில்தான் இருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஜெபத்தைப் பத்தி இவ்வளவு விசாரிக்கிறீங்களே, ராத்திரி புள்ளைங்களோட யாரு படுக்குறாங்கன்னு கேட்டீங்களா? நானும் கேக்கல. நம்ம சர்ச்தானேன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. சந்தேகப்பட்ட நானும் கேட்கவில்லை, நம்பிய அவரும் கேட்கவில்லை!

ஜெப விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். படையை எந்தப் பள்ளி நடத்தினாலும், எந்தச் சபை ஆதரித்தாலும், அது 1950-ல் உருவான பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தின் விதிகளுக்கு உட்பட்டது. உறுதிமொழியில் 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பதில் 'தர்மம்' என்று சொல்லவும் அனுமதி உண்டு. முகாம்களில் சர்வசமயப் பிரார்த்தனைதான் வழக்கம். அதோடு, அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்க முடியாது. இது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு. 'ஞாயிறு பூசைக்கு என் மகளை அழைத்துப்போக வேண்டாம்' என்று தாளிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியையான சிஸ்டர் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். பயந்த விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது!

பயப்பட வேண்டிய விஷயம் வேறு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லித்தான் மாணவிகளை இரவில் தங்க வைத்தார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். முகாம் நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. சீருடையையும் விசிலையும் பார்த்து எத்தனை தாய்மார்கள் நம்பியிருப்பார்கள்!

அமெரிக்காவிலும் இந்தக் கதைதான். அங்கே ஆண்பிள்ளைகளின் சாரணர் படைகளில் பெரும்பகுதியைப் பல வருடங்கள் சர்ச்சுகள்தான் ஆதரித்து நடத்தின. 2020 பிப்ரவரியில் அந்த இயக்கம் திவால் மனு கொடுத்தது. சிறுவயதில் தங்களுக்குக் கொடுமை நடந்ததாக 82,000 பேருக்கு மேல் முறையிட்டார்கள். இழப்பீட்டுக்கு ஒதுக்கிய தொகை சுமார் 246 கோடி டாலர். அதில் மெதடிஸ்ட் சபை மட்டும் 3 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சர்ச் பார்த்துக்கொள்ளும் என்று இயக்கமும், இயக்கம் பார்த்துக்கொள்ளும் என்று சர்ச்சும், இரண்டும் பார்த்துக்கொள்ளும் என்று பெற்றோரும் இருந்துவிட்டால் பிள்ளையை யார்தான் பார்ப்பது?

அக்காவும் நானும் இன்னும் மூன்று தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போனோம். விசாரித்தால், 34 பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டீச்சர்! இரவுக் காவலுக்கு ஒரு ஆண் வாட்ச்மேன். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கழிவறையில் ஒன்றுக்குத் தாழ்ப்பாளே இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. இதுவரை எந்தப் பெற்றோரும் கேட்டதில்லை, அதனால் அவர்களும் கவனித்ததில்லை.

முகாமை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். இன்னொரு டீச்சரைப் போட்டார்கள். தாழ்ப்பாள் வந்தது. ஒவ்வொரு இரவும் ஒரு தாய் முறை வைத்துத் தங்கினோம். என் முறைக்குப் பாயும் தலையணையுமாகப் போனபோது என் மாமியாரே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தார்!

நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்ற தாய்மார்களுக்கும் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்.

படை மாவட்டச் சாரணர் சங்கத்தில் இந்த வருடத்துக்குப் பதிவாகி இருக்கிறதா? நடத்துபவர் இயக்கத்தின் பயிற்சி பெற்றவரா? பெண்பிள்ளைகளோடு பெண் ஆசிரியை இருக்கிறாரா? இரவும் பகலும் இரண்டு பெரியவர்களாவது இருப்பார்களா? பிள்ளைகள் படுக்கும் இடமும் பெரியவர்கள் படுக்கும் இடமும் தனித்தனியா? கழிவறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் உண்டா? காவிரியிலோ அரசலாற்றிலோ இறங்க விடுவார்களா, விட்டால் நீச்சல் தெரிந்தவர் கூட இருப்பாரா? பிள்ளை நினைத்த நேரத்தில் வீட்டுக்குப் போன் பேசலாமா?

பிள்ளையிடமும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: "யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னா, அதைத்தான் முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்." குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மனப்பாடம் பண்ண வையுங்கள். தவறு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது 2012-ம் வருடத்து போக்சோ சட்டப்படி குற்றம். பள்ளியின் பெயர் கெடும், சபையின் பெயர் கெடும் என்று யார் சமாதானம் பேசினாலும் கேட்காதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "வம்பே வேண்டாம், வீட்டில் கிட" என்று பெண்பிள்ளைகளை முடக்கிவிடவும் கூடாது. ராஷ்டிரபதி விருது வரை போகும் பிள்ளைகளுக்கு ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு உண்டு. அது கிடக்கட்டும். முகாம் முடிந்து வந்த வாரம், அப்பளம் பொரிக்கும்போது என் மாமியார் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. அவர் இட்லி மாவைத் தேடினார். என் மகள் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். "மாவெல்லாம் தடவாதீங்க அப்பாயி, தண்ணியக் காட்டுங்க" என்று இருபது நிமிடம் விடவில்லை. இப்போது அடுத்த முகாம் எப்போது என்று கேட்பதே அப்பாயிதான்!

2004 ஜூலை 16-ல் பள்ளித் தீ விபத்தில் 94 பிஞ்சுகளைப் பறிகொடுத்த ஊர் எங்கள் ஊர். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக் கூரையையும், வெளியே வரும் வழியையும் நிமிர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டோம். முகாமுக்கும் அதே கண்ணோடு போய்ப் பாருங்கள். நல்ல மனசோடு நடத்துகிறவர்கள் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். கோபப்பட்டால், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்!

— ஒரு வாசகி, கும்பகோணம்.