பத்து லட்சம் டாலரும் ஒரு தரவுக் கோப்பும்

சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக எவரேனும் ஒருவர் அறிவித்துக்கொண்டே இருக்கிறார். அண்மைக் காலமாக அவ்வறிவிப்புகளில் ‘செயற்கை நுண்ணறிவின் துணையோடு’ என்னும் தொடரும் சேர்ந்துகொண்டுள்ளது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு இவ்வெழுத்தின் புதிரை விடுவிப்போருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்த அறிவிப்பை எள்ளுவது என் நோக்கமன்று. ஓர் அரசு தொல்லெழுத்தியலுக்குப் பணம் ஒதுக்குவது மகிழத்தக்கதே. ஆனால் பரிசு விடைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. வினாத்தாள் இன்னும் எல்லோர் கையிலும் இல்லை என்பதே என் வாதம்.

கணினி எதைப் படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது முத்திரையைப் படிப்பதில்லை. ஐராவதம் மகாதேவனைப் படிக்கிறது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய தொடரடைவு 2,906 பொருள்களிலிருந்து 3,573 வரிகளைத் தொகுத்தது. 417 குறியீடுகளை வரையறுத்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினியைக் கொண்டு, இன்றைய கைப்பேசியின் ஆற்றலில் சிறு பகுதியும் இல்லாத காலத்தில், செய்யப்பட்ட வேலை அது. ஒவ்வொரு பாடத்துக்கும் எண், கிடைத்த ஊர், பொருளின் வகை, உடனுள்ள விலங்குருவம் என எல்லாவற்றையும் குறியெண்களாக்கித் தந்த அந்நூல் இத்துறையின் பெரும் தரவுத்தளம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதனை இணையத்திலும் தேடத்தக்கதாக ஆக்கியிருக்கிறது. அரை நூற்றாண்டாக நாம் அதன் மேல் அமர்ந்து உண்கிறோம்.

சிக்கல் மகாதேவனிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. தொடரடைவு என்பது ஒரு பதிப்பாசிரியரின் முடிவுகளின் தொகுப்பு. அதில் ஒவ்வொரு குறியீடும் திருத்தமான ஒரே வடிவில் வரையப்பட்டிருக்கிறது. மீன் வடிவத்தின் உள்ளே ஒரு கோடு இருந்தால் அது வேறு குறியீடா, அதே குறியீட்டின் வேறு கையா? மொழியியல் மாணவர்களுக்கு இது பழகிய வினா. ஒலியனையும் மாற்றொலியையும் பிரித்தறியும் அதே வினா. ஆனால் பேச்சுமொழியில் நாம் தகவலாளியிடம் திரும்பிப் போகலாம், குறைந்த வேறுபாட்டு இணைகளைத் தேடலாம். மொழியே தெரியாத எழுத்தில் அந்த வழி அடைபட்டுள்ளது. எனவே அறிஞருக்கு அறிஞர் கணக்கு மாறுகிறது: மகாதேவனுக்கு 417, அஸ்கோ பர்ப்போலாவின் 1994 பட்டியலில் 386, பிரையன் வெல்சுக்கு அறுநூறுக்கும் மேல். இவ்வேறுபாடு சில்லறையன்று. குறியீடுகள் எத்தனை என்பதைப் பொறுத்தே இது அசையெழுத்தா, சொல்லசைக் கலப்பா என்ற ஊகம் தொடங்குகிறது. மகாதேவன் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரே ஒரு முறை வருபவை. பட்டியலைச் சற்று இறுக்கினாலோ நெகிழ்த்தினாலோ முதலில் மாறுவது அந்த எண்ணிக்கைதான்.

2009இல் ‘சயின்ஸ்’ இதழில் ராஜேஷ் ராவ் குழுவினர் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொள்வோம். குறியீட்டு வரிசையின் ஒழுங்கின்மையை அளந்து, அது மொழிகளின் அளவையொத்தது என்றார்கள். அவர்கள் பயன்படுத்தியது 3,573 வரிகளை அன்று. ஐயத்துக்குரியவை, சிதைந்தவை, ஒரே பக்கத்தில் பல வரிகளாய் அமைந்தவை, திரும்ப வருபவை ஆகியவற்றை நீக்கி எஞ்சிய 1,548 வரிகளை. ஏறத்தாழ 7,000 குறியீட்டு வரவுகளை. ஒவ்வொரு நீக்கத்துக்கும் நியாயம் உண்டு, அதை அக்குழுவினர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். இவை எழுத்தே அல்ல என்று 2004இல் வாதிட்ட ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் அணியினர் எதிர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் கட்டுரைகள் பறந்தன. இத்தனை சூட்டிலும் எவரும் எளிதில் செய்ய முடியாமற் போன ஒன்று உண்டு: முத்திரைப் படங்களுக்குத் திரும்பிப் போய், வேறொரு குறியீட்டுப் பட்டியலை இட்டு, அதே கணக்கை மீண்டும் ஓட்டிப் பார்ப்பது. படமும் வாசிப்பும் தனித்தனி அடுக்குகளாகத் திறந்து கிடந்திருந்தால் அது ஒரு பிற்பகல் வேலை.

படங்கள் இல்லாமலில்லை. பர்ப்போலாவும் இந்திய, பாகிஸ்தானிய அறிஞர்களும் சேர்ந்து 1987 முதல் வெளியிட்டுவரும் படத்தொகுதிகள் மதிப்பிடற்கரியவை. ஆயினும் அவை கனத்த அச்சு நூல்கள். எல்லாப் பல்கலைக்கழக நூலகங்களிலும் அவை கிடைப்பதில்லை. நூலின் பக்கத்தை மின்வருடி எடுத்த கோப்பு கணினிக்கு ஒரு புகைப்படம் மட்டுமே. தரவு வேறு, தரவின் நிழற்படம் வேறு. நம் நிறுவனங்கள் ‘எண்மமாக்கல்’ என்று சொல்வதில் பெரும்பகுதி இரண்டாவது வகை.

படத்தைவிட மோசமான இடத்தில் நிற்பது மண்ணடுக்கு. காளிபங்கனில் 1960 முதல் 1969 வரை தோண்டினார்கள். அங்கு ஹரப்பாவுக்கு முந்தைய குடியிருப்பின் மேல் ஹரப்பா நகரம் எழுந்தது; எழுத்து எந்தக் கட்டத்தில் நுழைகிறது, எப்படி மாறுகிறது என்று கேட்பவருக்கு இதைவிடத் தக்க இடம் அரிது. முற்பட்ட கட்டத்தின் அறிக்கை 2003இல் வந்தது. ஹரப்பாக் கட்டத்தின் அறிக்கை 2015இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அம்முத்திரைகளின் பாடங்கள் தொடரடைவில் இருந்தன, படங்கள் தொகுதியில் இருந்தன. அவை எந்தக் குழியில், எந்த அடுக்கில், எதனோடு கிடைத்தன என்பதன் முழு விவரம் வெளிவர நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அகழாய்வு தன் சான்றைத் தானே அழிக்கும் ஆய்வு. ஒரு குழியை இரண்டாம் முறை தோண்ட முடியாது. ஏடுகளில் எழுதப்பட்டதே எஞ்சும் தளம். அந்த ஏட்டைப் பூட்டி வைப்பவர் தம் குறிப்பை மட்டும் பூட்டவில்லை, அந்த இடத்தையே பூட்டுகிறார்.

ஓர் அலுவலகத்தில் பதிவேட்டின் சில பக்கங்களைக் கேட்டபோது, ‘அறிக்கை வந்ததும் பாருங்கள்’ என்றார்கள். அறிக்கை எப்போது வரும் என்பதற்கு அங்கே எவரிடமும் விடையில்லை. இதைப் படிக்கும் ஆய்வு மாணவர் பலருக்கும் இவ்விடை மனப்பாடமாயிருக்கும்.

திறந்த தரவு என்றதும் எழும் மறுப்புகளில் ஒன்று உண்மையானது: இடத்தின் துல்லியக் குறிப்பைக் கொடுத்தால் சிலைக் கடத்தல்காரனுக்கு வழிகாட்டியாகும். சரிதான். இங்கிலாந்தில் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதியும் திட்டம் இதற்காகவே பொதுத்தளத்தில் துல்லியமான இடத்தை மறைத்து வட்டாரத்தை மட்டும் காட்டுகிறது. ஒரு நிரலை மறைக்க வேண்டியதற்காக நாற்பது நிரலையும் மறைப்பது எச்சரிக்கையாகாது. அதற்கு வேறு பெயர் உண்டு. வெயிலில் தோண்டியவருக்கே முதலுரிமை என்பது இன்னொரு மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன், மூன்றாண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாண்டு வைத்துக்கொள்ளுங்கள். குழியில் ஏடெழுதிய மாணவரின் பெயரையும் சேர்த்து, மேற்கோள் காட்டத்தக்க எண்ணோடு வெளியிடுங்கள். பணி ஓய்வுக்குப் பின்னும் தொடரும் முதலுரிமையை மட்டுமே எதிர்க்கிறேன். ‘அரைகுறைகள் தவறாகப் பயன்படுத்துவார்கள்’ என்பது மூன்றாவது. அவர்கள் தரவே இல்லாமல் அதைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை மறுக்கத்தான் நமக்குத் தரவு வேண்டும்.

கீழடியில் நடந்ததையும் இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 சனவரியில் அளித்தார். 2025இல் இந்தியத் தொல்லியல் துறை அதைத் திருத்தித் தரும்படி கேட்டது, அவர் மறுத்தார். காலக்கணிப்பைப் பற்றிய கருத்து மாறுபாடு அறிவுலகில் இயல்பு. ஆனால் எந்த அடுக்கிலிருந்து எந்த மாதிரி, அதன் ஆய்வக எண் என்ன, அளவீட்டுப் பிழையெல்லை எவ்வளவு என்ற அட்டவணை பொதுவில் இருந்தால் அந்த மாறுபாட்டைத் தொல்லியலார் தமக்குள் தீர்த்துக்கொள்வார்கள். அது இல்லாதபோது வழக்கு அலுவலகக் கடிதங்களுக்கும் தொலைக்காட்சி விவாதங்களுக்கும் போகிறது. அங்கே வெல்வது மண்ணடுக்கு அன்று.

இதே அளவுகோலை நமக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழர் என்பதால் இதைச் சொல்லத் தயங்குவோர் இருப்பார்கள்; தமிழர் என்பதாலேயே சொல்கிறேன். தமிழ்நாட்டின் 140 இடங்களில் கிடைத்த பானையோட்டுக் கீறல்களைச் சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்பிட்ட, மாநிலத் தொல்லியல் துறையின் ஆய்வு 42 அடிப்படைக் குறியீடுகளைக் காண்கிறது. கீறல்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சிந்துவெளியில் இணை உண்டு என்கிறது. இரா. சிவானந்தமும் கா. ராஜனும் செய்த அவ்வுழைப்பு மிகப் பெரிது. ஆனால் தொண்ணூறு என்பது ‘ஒத்திருத்தல்’ என்பதை எவ்வாறு வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்த எண். ஒரு சிலுவைக் கோடும் ஒரு முக்கோணமும் உலகெங்கும் கீறப்பட்டவை. தற்செயலாக எத்தனை விழுக்காடு ஒத்துப்போகும் என்ற அடிப்படைக் கணக்கு பக்கத்தில் இருந்தால்தான் தொண்ணூறுக்கு எடை வரும். ஒவ்வோர் ஓட்டின் படமும், குழியும், அடுக்கும், எந்தக் குறியீட்டோடு இணைக்கப்பட்டது என்ற முடிவும் எவரும் இறக்கிக் கணக்கிடத்தக்க கோப்பாக இருக்கட்டும். முடிவு உறுதியானதாயின் பகைவர் கையில் கொடுத்தாலும் நிற்கும்.

சட்டவழி இல்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். பொதுப்பணத்தில் உருவாகும், மறைக்கத் தேவையற்ற தரவுகளைப் பகிர வேண்டும் என்று நடுவண் அரசின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012இலேயே சொல்லிவிட்டது. யார்க் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் தரவுக் காப்பகம் 1996 முதல் இயங்குகிறது, முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. அகழாய்வுக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்குகிறோம். முந்தைய பருவத்தின் பதிவேடு கணினி படிக்கத்தக்க வடிவில் ஒப்படைக்கப்பட்ட பிறகே அடுத்த உரிமம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆளில்லா வானூர்திப் படமும் முப்பரிமாணக் காட்சியறையும் அதன்பின் வரலாம்.

அதுவரை, ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. உங்கள் பின்னிணைப்பு அட்டவணைகள் சோத்கங்காவில் பக்கப்படமாக உறையப் போகின்றன. அவற்றை ஒரு சாதாரண சீஎஸ்வி கோப்பாக்கி, நிரல்களின் பொருளை ஒரு பக்கத்தில் எழுதி, செனோடோவில் ஏற்றிவிடுங்கள். கட்டணமில்லை, நிலையான எண் கிடைக்கும். நெறியாளரிடம் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். சிலர் ஒப்புவார்கள், சிலர் ‘முதலில் பட்டம் வரட்டும்’ என்பார்கள். பட்டம் வந்த மறுநாள் ஏற்றுங்கள்.