மெல்லக் கூப்பிட ஒரு சொல்

உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் தமிழ் முரசு படித்துவிட்டு எழுந்த முதியவர் ஒருவர், மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே மறந்துவிட்டு நடக்கிறார். எதிரில் அமர்ந்திருந்த உயர்நிலைப்பள்ளி மாணவன் அதைக் கவனித்துவிட்டான். நூலகத்தில் கத்த முடியாது. “எக்ஸ்கியூஸ் மீ” என்கிறான். பெரியவர் திரும்பவில்லை. “உஸ்” என்கிறான். பக்கத்து மேசைக்காரர்தான் முறைக்கிறார். பிறகு பின்னாலேயே ஓடி, “தாத்தா” என்று தாழ்ந்த குரலில் அழைக்கிறான். அவர் உடனே நின்றுவிடுகிறார்.

“எக்ஸ்கியூஸ் மீ” தவறான சொல் அன்று. ஆனால், அது யாரை வேண்டுமானாலும் குறிக்கும் என்பதால் எவரும் தம்மைத்தான் என்று நினைப்பதில்லை. “உஸ்” கோழி விரட்டப் பயன்படும் ஒலி. மனிதரை அப்படி அழைப்பது மரியாதைக் குறைவு. “மன்னிக்கவும்” என்று சொல்லலாமே என்பார்கள் சிலர். அது அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும். கண்ணாடியை எடுத்துக் கொடுக்க வந்தவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

தமிழ் இலக்கணம் அழைப்பதற்கென்றே ஒரு வேற்றுமையை ஒதுக்கியிருக்கிறது. எட்டாம் வேற்றுமையாகிய விளி அது. தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஒலி நீளும் என்றும், அருகில் இருப்பவரை அழைக்கும்போது பெயர் இயல்பாகவும் நிற்கலாம் என்றும் பவணந்தி முனிவரின் நன்னூல் கூறுகிறது. திடலின் மறுகோடியில் இருப்பவன் “தம்பீ...”, பக்கத்தில் இருப்பவன் “தம்பி”. ஆகவே, மெல்லக் கூப்பிடத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. முறைப்பெயரை நீட்டாமல் சொன்னாலே போதும்.

முன்பின் தெரியாதவரை உறவு சொல்லி அழைப்பது அதிக உரிமை எடுத்துக்கொள்வதாகாதா? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. நாற்பது வயதுப் பெண்ணைப் “பாட்டி” என்று அழைத்துவிட்டால் உதவி செய்தும் நல்ல பெயர் கிடைக்காது! ஐயம் இருந்தால் “அக்கா” பாதுகாப்பானது. உறவே வேண்டாம் என்றால் “ஏங்க” இருக்கிறது. கணவரை மனைவி அழைக்கும் சொல் அது என்று இங்குள்ள மாணவர்கள் பலர் கூச்சப்படுகிறார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் “ஏனுங்க” என்று யாரையும் அழைப்பார்கள், எவரும் சிரிப்பதில்லை. பொருளை நீட்டியபடி “இந்தாங்க” என்றாலும் முகம் திரும்பும்.

எம்ஆர்டி ரயிலில் காதணி ஒலிக்கருவியுடன் நிற்பவரிடம் மட்டும் இவை எதுவும் பலிக்காது. அவர் கண்ணில் படும்படி முன்னால் போய் நின்று, லேசாகக் கையசைத்துவிட்டுத்தான் “அண்ணே” என்று தொடங்க வேண்டும்.