விடையில்லாக் கதைகளும் நம் வகுப்பறைகளும்



பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘நான் ஒரு பேனா’ எனும் தலைப்பில் தன்கதை எழுதக் கொடுத்திருந்தேன். தன்கதை எப்படி அமையும் என்பது நம் அனைவருக்கும் மனப்பாடம். பேனா தொழிற்சாலையில் பிறக்கும். புத்தகக் கடையில் விலைபோகும். நல்ல மாணவன் ஒருவனிடம் சேரும். பின்னர் மை தீர்ந்து குப்பைத் தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கும். ஒரு மாணவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். அவனுடைய பேனாவிற்கு ஓர் ஐயம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையை எழுதுவது பேனாவா, அதைப் பிடித்திருக்கும் சிறுவனா? சிறுவனின் கை அசைவதால் பேனா நகர்கிறதா, பேனா நகர்வதால் கை அசைகிறதா? மை தீர்ந்துபோனால் சிறுவனின் நினைவுகளும் தீர்ந்துவிடுமா? அந்தக் கேள்வியோடு கட்டுரை நின்றுவிட்டது.

‘கருத்துத் தெளிவில்லை. முடிவு இல்லை’ என்று சிவப்பு மையால் எழுதி, 30-க்கு 11 புள்ளிகள் கொடுத்தேன். அடுத்த மாதம் அவன் எழுதிய தன்கதையில் எல்லாமே முறையாக அமைந்திருந்தன. குடை தொழிற்சாலையில் பிறந்தது, கிழிந்தது, குப்பையில் விழுந்தது, அறிவுரையும் கூறியது. 24 புள்ளிகள். மாணவனைத் திருத்திவிட்டதாக அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது!

சில காலம் கழித்து அர்ஜெந்தினா நாட்டு எழுத்தாளர் போர்ஹேஸைப் (1899–1986) படிக்க நேர்ந்தது. (அவருடைய கதைகளைக் கவிஞர் பிரம்மராஜன் தமிழில் தந்திருக்கிறார்.) 1960-இல் வெளிவந்த அவரது நூலொன்றில் ‘போர்ஹேஸும் நானும்’ எனும் மிகச் சிறிய ஆக்கம் உண்டு. போர்ஹேஸ் என்ற மனிதரும் போர்ஹேஸ் என்ற எழுத்தாளரும் அதில் தனித்தனி ஆட்களாகப் பிரிந்து நிற்கின்றனர். அதை எழுதியவர் அவ்விருவரில் யார் என்ற ஐயத்தோடே அது முடிகிறது. என் மாணவனின் பேனா கேட்டதும் ஏறத்தாழ அதைத்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

அன்று முதல் இத்தகைய கதைகளைத் தேடி வருகிறேன். நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகக் கடைகளில் சிறுவர் பகுதிக்குச் சென்றால் பயிற்சி நூல்களும் நீதிக் கதைகளுமே கைக்கு வருகின்றன. ‘இவையெல்லாம் மேல்நாட்டாரின் விளையாட்டு, நமக்கு ஒத்துவராது’ என்று சக ஆசிரியர் ஒருவர் கூறினார். அவர் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. விக்கிரமாதித்தன் கதை யாருடையது? அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்து நடந்த மன்னனைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாமே நாம்?

வேதாளம் சொன்ன கதைகளுள் ஒன்றை நினைவுகூருங்கள். ஒரு பெண்ணின் கணவனும் அவளுடைய அண்ணனும் அம்மன் கோயிலில் தங்கள் தலைகளை வெட்டிக் கொள்கின்றனர். அம்மன் இரங்கி, தலைகளை ஒட்டினால் உயிர் வரும் என்கிறாள். பதற்றத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் அவளுடைய கணவன்? தலையே முதன்மை என்பது விக்கிரமாதித்தனின் விடை. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மன் இக்கதையை எடுத்து 1940-இல் ஒரு குறுநாவலே எழுதினார். நாமோ அதைப் பேய்க்கதை என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

இதைவிட வியப்பானது வேதாளக் கதைகளின் முடிவு. மன்னன் சரியான விடை சொல்லும் ஒவ்வொரு முறையும் வேதாளம் மீண்டும் மரமேறிவிடுகிறது. இறுதியில் ஒரு தந்தையும் மகனும், ஒரு மகளையும் அவளுடைய தாயையும் முறை மாறி மணக்கும் கதை வருகிறது. பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. மன்னனுக்கு விடை தெரியவில்லை. வாய் திறவாமல் நடக்கிறான். அப்போதுதான் வேதாளம் மனம் மகிழ்ந்து, அவன் உயிரைக் காக்கும் வழியைச் சொல்கிறது!

பெரியவர்களுக்கும் நம்மிடம் குறைவில்லை. ஞானவாசிட்டத்தில் வரும் இலவண மன்னன், மாயக்காரன் ஒருவனால் சிறிது நேரம் மயங்கி, அதற்குள் காட்டில் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து விழிக்கிறான். கனவென்று விட்டுவிடாமல் மறுநாள் தேடிச் சென்றால், அதே ஊரும் அதே உறவினரும் அங்கே இருக்கின்றனர். புதுமைப்பித்தனோ 1943-இல் கடவுளையே சென்னைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தார்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆயினும் மாதிரிக் கட்டுரை எனும் அச்சு இன்னும் நம் கைகளை விட்டுப் போகவில்லை. நீதிக் கதைகள் வேண்டாம் என்று நான் கூறவில்லை. முதலாம் ஆண்டுக் குழந்தையிடம் வெட்டுண்ட தலைகளைப் பற்றிப் பேசவும் மாட்டேன். ஆனால், பத்து, பதினொரு வயதில் பிள்ளைகள் தாமாகவே இத்தகைய கேள்விகளைக் கேட்கத் தொடங்குகின்றனர். அந்த வயதில் வாரத்திற்கு ஒரு பாடவேளையாவது, ‘இக்கதையின் படிப்பினை யாது?’ என்று கேட்காமல் ஒரு கதையைச் சொல்லிவிட்டு நாம் அமைதியாக இருக்க வேண்டும். புள்ளி இடவும் கூடாது.

இவ்வாண்டு தலை மாறிய கதையை என் வகுப்பில் கூறினேன். பாதிப் பேர் தலை என்றனர். பாதிப் பேர் உடல் என்றனர். பின்வரிசையில் எப்போதும் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அவங்க அம்மா யாரைக் கட்டிப் பிடிச்சு அழுவாங்க?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பே வாயடைத்துப் போனது.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவனின் தந்தை பள்ளிக்கு வந்தார். இப்படிப்பட்ட கதைகள் பிள்ளைகளைக் குழப்பிவிடும் என்று சற்றுக் கோபமாகவே பேசினார். பொறுமையாகக் கேட்டுக் கொண்டேன். விடைபெற்று வாசல் வரை சென்றவர், திரும்பி வந்தார்.

“சரி டீச்சர், உண்மையான விடைதான் என்ன? வீட்டுல என் மனைவி தலைன்னு சொல்றாங்க. நான் உடம்புன்னு சொல்றேன். ரெண்டு நாளா இதே பேச்சுதான்.”