காற்றின் கணக்கு

சென்ற ஆனி மாதத்தில் நமது நண்பர் ஒருவர் நாகர்கோயிலில் நடந்த ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பினார். விருந்தைக் காட்டிலும் அவர் மனத்தைக் கவர்ந்தவை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயில் ஜன்னல் வழியாகக் கண்ட காற்றாலைகளே. "நம் மொட்டை மாடியிலும் காற்று வீசத்தானே செய்கிறது!" என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு வியாபாரி கொடுத்த விளம்பரத் தாளுடன் நம்மிடம் வந்து சேர்ந்தார். 1,000 வாட் யந்திரம். இறக்கையின் நீளம் ஒரு மீட்டர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கியும் விட்டாராம்.

"வாத்தியார் ஸார், நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே முன்பணம் கட்டிவிடுகிறேன்" என்றார்.

நாம் வார்த்தை சொல்லவில்லை. காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டோம்.

காற்றுக்கும் எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோகிராம். ஒரு மீட்டர் இறக்கை சுழலும் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். விநாடிதோறும் சுமார் 19 கிலோ காற்று அந்த வட்டத்தைக் கடந்து செல்லும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைப்பது அதன் சக்தி. அது 235 வாட்.

இவ்வளவையும் பிடித்துவிட முடியுமா என்றால், முடியாது. சக்தி முழுவதையும் பறிகொடுத்த காற்று இறக்கைக்குப் பின்னால் அசையாமல் நின்றுவிடும். கோயில் சந்நிதியில் தரிசனம் முடிந்தவர்கள் நகராமல் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எப்படி உள்ளே நுழைவார்கள்? ஆகவே நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த யந்திரத்தாலும் எடுக்க இயலாதென்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பெர்ட் பெட்ஸ் 1919-இல் கணித்துக் காட்டினார். சிறிய யந்திரங்களுக்கு 30 பங்கு தேறினாலே நல்லது என்று சொல்ல வேண்டும். நண்பருக்குக் கிடைக்கக்கூடியது 70 வாட். ஒரு மின்விசிறி சுற்றும்.

"தாளில் 1,000 என்று அச்சாகியிருக்கிறதே!" என்று நண்பர் பதறினார்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் அடியில் இருந்த சிறிய எழுத்துக்களைப் படித்தோம். விநாடிக்கு 12 மீட்டர் காற்றில் 1,000 வாட்! கொடியில் உலரும் வேஷ்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பக்கூடிய காற்று அது. வேகம் இரட்டித்தால் வந்து சேரும் காற்றும் இரட்டிக்கிறது. அதன் ஒவ்வொரு கிலோவிலும் உள்ள சக்தியோ நான்கு மடங்காகிறது. ஆக எட்டு மடங்கு. 5 என்பது 12 ஆகும்போது 70 வாட் ஏறக்குறைய 1,000 ஆகிவிடுகிறது. வியாபாரி பொய் சொல்லவில்லை. அந்தக் காற்று எந்த நாளில் வீசும் என்பதைத்தான் சொல்லவில்லை.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். காற்று நாள் முழுதும் ஒரே சீராக வீசுவதில்லை. பாதி நேரம் 2 மீட்டரும் பாதி நேரம் 8 மீட்டருமாக வீசினாலும் சராசரி 5 தான். ஆனால் கிடைக்கும் சக்தி இரண்டு பங்குக்குச் சற்று அதிகம். அப்படிப் பார்த்தாலும் நண்பருக்கு 150 வாட்டைத் தொடவில்லை. அதுவும் கணவாயில் மலைகளுக்கிடையே நெருக்குண்டு வரும் காற்றுக்கும், சுற்றிலும் வீடுகள் மறைக்க மாடியில் சுழன்று தடுமாறும் காற்றுக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. அங்கே யந்திரங்களை உயர்ந்த கோபுரங்களின்மேல் நிறுத்தியிருப்பது அழகுக்காக அன்று.

"அப்படியானால் 5 மீட்டர் காற்றிலேயே 1,000 வாட் எடுக்க எவ்வளவு பெரிய இறக்கை வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி, நம் மாணாக்கர்கள்கூட இப்படித் திருப்பிக் கேட்பதில்லை. 44 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். இறக்கையின் நீளம் மூன்றே முக்கால் மீட்டர். வட்டத்தின் குறுக்களவு ஏழரை மீட்டர்.

நண்பர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். "ஸார், என் வீட்டின் அகலமே ஆறு மீட்டர்தான்" என்றார். பிறகு விளம்பரத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மீதி ஒன்றரை மீட்டர் அடுத்த வீட்டுக்காரர் காற்றிலல்லவா சுற்ற வேண்டும்? அவரோடு ஏற்கெனவே முருங்கை மரத்தைப் பற்றி வழக்கு இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.