வெளிவராத 14 நிமிடங்கள்

மெட்டு கிடையாது. பாட்டு என்று சொல்லும்படி ஒரு வரிகூடக் கிடையாது. எதிரொலிக்கும் டிரம்ஸ், ஆர்கன், கிடார், தொண்டையில் தண்ணீரை வைத்துக் கொப்புளிக்கும் சத்தம், இடையிடையே இரண்டு பேர் போடும் கூச்சல். கிட்டத்தட்ட 14 நிமிடம் ஓடும் இந்த ஒலிநாடாவைக் கேட்க உலகம் முழுக்க ஒரு கூட்டம் ஏங்கிக்கொண்டிருக்கிறது. காரணம், கூச்சல் போடும் அந்த இரண்டு பேர்: ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி.

1967 ஜனவரி 5 அன்று, 'பென்னி லேன்' பாட்டு வேலைக்கு நடுவே, லண்டன் ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் குழுவினர் பதிவு செய்த 'கார்னிவல் ஆஃப் லைட்' இது. லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் நடந்த ஒளி-ஒலி நிகழ்ச்சிக்காகத் தயாரானது. அங்கே ஒலித்ததோடு சரி. பிறகு பெட்டிக்குள் போய்விட்டது. பழைய குழுவின் பதிவுகளைத் தொகுத்து 1996-ல் 'ஆந்தாலஜி 2' வெளிவந்தபோது இதையும் சேர்க்க பால் விரும்பினார். ஜார்ஜ் ஹாரிசன் வேண்டாம் என்றார். விஷயம் அதோடு முடிந்தது.

ரசிகர்களுக்கு முடியவில்லை. குழு வெளியிட்ட ஒவ்வொரு பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம். கச்சேரி கேட்டு முடித்தவர், வித்வான் வீட்டில் செய்யும் சாதகத்தையும் ஒளிந்திருந்து கேட்க ஆசைப்படுவது போலத்தான் இது. பாட்டு எப்படிப் பிறந்தது, எங்கே தடுமாறியது, யார் கைகொடுத்தார்கள் என்று தெரிய வேண்டும்.

இந்த ஆசையை வெறும் பித்து என்று தள்ள முடியாது. 1968-ன் தொடக்கத்தில் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் தங்கியபோது பீட்டில்ஸ் ஏராளமான பாட்டுகளை எழுதினார்கள். ஊர் திரும்பி, ஈஷரில் இருந்த ஜார்ஜின் வீட்டில் உட்கார்ந்து அவற்றை வீட்டு டேப் ரிக்கார்டரில் பாடிப் பார்த்தார்கள். அந்த நாடாக்களிலிருந்து பல வருடம் திருட்டுப் பதிப்புகள் சுற்றிவந்தன. 27 பாட்டுகளும் முறையாக வெளிவந்தது 2018-ல். அதே பாட்டுகளை ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது சண்டை முற்றி ரிங்கோ ஸ்டார் கொஞ்ச நாள் குழுவை விட்டே போனார். ஈஷர் நாடாவிலோ நண்பர்கள் கைதட்டிக்கொண்டு பாடுகிறார்கள். 1969 ஜனவரிப் பதிவுகளின் கதையும் இதுதான். 1970-ல் வந்த 'லெட் இட் பி' படத்தைப் பார்த்தவர்களுக்கு மனக்கசப்பு மட்டுமே நினைவில் நின்றது. சுமார் 60 மணி நேரப் படச்சுருளிலிருந்து பீட்டர் ஜாக்சன் 2021-ல் தொகுத்த ஆவணப்படத்தில் நிறையச் சிரிப்பும் இருந்தது. பெட்டி திறந்ததால் வரலாறே கொஞ்சம் திருந்தியது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. லெனன் 1970-களின் பிற்பகுதியில் கேசட்டில் பாடி வைத்த 'நவ் அண்ட் தென்' பாட்டை முடிக்க, மற்ற மூவரும் 1995-ல் முயன்றார்கள். கேசட்டில் ஒரே இரைச்சல். ஜார்ஜுக்கும் பிடிக்கவில்லை. கைவிட்டார்கள். ஜார்ஜ் 2001-ல் இறந்தார். பிறகு, லெனன் குரலைக் கம்ப்யூட்டர் உதவியோடு தனியே பிரித்தெடுத்து, 1995-ல் ஜார்ஜ் வாசித்த கிடாரையும் சேர்த்து 2023-ல் பாட்டு வெளியானது. குடும்பத்தார் சம்மதம் இருந்தது. பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ரசிகர்கள் கண் கலங்கினார்கள். ஆனால் பாட்டுக்குச் சொந்தக்காரரையும் கேட்க வழியில்லை, ஒருகாலத்தில் வேண்டாம் என்றவரையும் கேட்க வழியில்லை.

இங்கேதான் ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. ஈஷர் நாடா அன்று பாடியபடியே வந்தது. 'நவ் அண்ட் தென்' இறந்தவர்கள் சார்பில் மற்றவர்கள் முடித்துவைத்தது. முதலாவது ஆவணம். இரண்டாவது, எவ்வளவு அன்போடு செய்தாலும், ஊகம்.

'கார்னிவல் ஆஃப் லைட்' முதல் வகை. அதில் யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. 2008-ல்கூட அதை வெளியிடும் ஆசையை பால் பகிரங்கமாகச் சொன்னார். 2025-ல் வந்த 'ஆந்தாலஜி 4'-லும் அது இல்லை. பால், ரிங்கோ இருவருமே 80-ஐத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கும்போதே ஒரு வழி செய்வது நல்லது. ஆல்பத்தில் வேண்டாம் என்ற ஜார்ஜின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து, அந்த நாடாவை ஓர் ஆவணக் காப்பகத்தில் வைக்கலாம். வேண்டியவர்கள் அங்கே போய் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். பாதிப்பேர் ஏமாற்றத்தோடுதான் வெளியே வருவார்கள். இத்தனை வருடம் காத்திருந்தவர்களுக்கு அந்த ஏமாற்றத்தையாவது கொடுக்க வேண்டாமா?