நாலு மணிக்கு என்ன தின்பது?



சென்ற மாதப் பலகாரச் சிறப்பிதழுக்குப் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. கூடவே ஒரு திட்டும் வந்தது. மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: தட்டை, ரிப்பன் பக்கோடா, தவலை வடை என்று பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டீர்கள், வயிறு சரியில்லாதவர்கள் உங்கள் பத்திரிகையை வாங்குவதே இல்லை என்று நினைப்பா? அவருக்கு நெஞ்செரிச்சல். அவர் கணவருக்கு எதைத் தின்றாலும் வயிறு உப்பிக்கொள்கிறது. ஆளாளுக்கு ஒன்றை நிறுத்தச் சொல்ல, ஒவ்வொன்றாக நிறுத்தி, இப்போது சாயங்காலம் இருவருக்கும் மிஞ்சியிருப்பது பாலும் பிஸ்கட்டும்தானாம்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர் குழுக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தைப் படித்தேன். அடுத்த இதழுக்கான பேச்சு அதோடு நின்றுபோய், ஆளுக்கொரு வயிற்றுக் கதை வெளியே வந்தது. பக்கம் வடிவமைப்பவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. விளம்பரப் பிரிவில் ஒருவர் வெளியூர் போனால் காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டார். பஸ்ஸில் வயிறு கலக்கிவிடுமோ என்ற பயம். மெய்ப்புப் பார்ப்பவர், "எனக்கு அல்சர் சார்" என்று பல வருடமாகச் சொல்லிவருகிறார். எண்டோஸ்கோப்பி எடுத்துப் பார்த்தாரா என்றால், இல்லை. நம் ஊரில் வயிறு எரிந்தால் அல்சர், உப்பினால் கேஸ் ட்ரபிள். அதற்கு மேல் யாரும் பெயர் வைப்பதில்லை.

நொறுக்குத் தீனியை அறவே விட்டுவிடு என்பதுதான் வயிற்றுக்காரருக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கு என்று வாழ்கிற வீடுகள்தான் இன்று அதிகம். நடுவில் எட்டரை மணி நேரம் பட்டினி கிடந்தவர் ஒன்பதரைக்கு எப்படிச் சாப்பிடுவார்? வயிறு முட்டச் சாப்பிடுவார். பத்தரைக்குப் படுத்துவிடுவார். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசைதான் இரைப்பையில் உள்ளது மேலே வராமல் காக்கிறது. இரைப்பை நிறைந்து, அதில் எண்ணெயும் கூடுதலாக இருந்து, ஆளும் படுத்துவிட்டால் அந்தத் தசை தளர்ந்த நேரம் பார்த்து அமிலம் மேலேறும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்வது இதனால்தான். சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்கு வயிற்றுக்கு இதமாக ஏதாவது போய்ச் சேர்ந்தால் ராத்திரி தட்டு தானாகச் சிறுக்கும். எதைத் தின்பது என்பதில்தான் சிக்கல்.

பாலும் பிஸ்கட்டும் நம் வீடுகளுக்குள் எப்படி வைத்தியமாக நுழைந்தன என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் 1915-இல் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பத்தியம் வகுத்தார். பாலும் பாலேடும் கலந்து மணிக்கொரு தடவை, நடுநடுவே அமிலத்தை முறிக்கும் பொடி. வயிறு காலியாகவே இருக்கக் கூடாது என்பது கணக்கு. உலகம் முழுவதும் பல பத்தாண்டுகள் அந்தப் பத்தியம் கோலோச்சியது. ஆனால் பால் உள்ளே போன சற்று நேரத்துக்குத்தான் எரிச்சலை அடக்கும். பிறகு அதுவே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும்.

இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியைச் சில வார மருந்தில் ஒழிக்கலாம். இன்னொரு பெரிய காரணம், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை. மிளகாய் இந்தக் காரணப் பட்டியலிலேயே இல்லை. இருக்கிற புண்ணை அது எரிய வைக்கும், அவ்வளவுதான். மிளகாயின் காரச் சத்து குடலில் உள்ள நரம்பு முனைகளைத் தொட்டு எரிச்சலாக உணர வைக்கிறது. காரத்தை உணரும் அந்த நரம்பு வாசலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கொடுத்தார்கள். ஆகவே உண்மையிலேயே புண் இருந்தால் மருந்து வேறு. இல்லாவிட்டால் இத்தனை வருடப் பத்தியமும் வீண். நம் மெய்ப்புத் திருத்துநரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.

அடுத்தது வயிறு உப்புவது. டீக்கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் மசால் வடையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மொறுமொறுவென்று பிடித்த பழுப்புத் தோல், பிட்டால் உள்ளே அரைபடாத கடலைப் பருப்பு, கசியும் வெங்காயம், ஒரு பல் பூண்டு, சோம்பு. எனக்கு இதைவிடப் பிடித்த பலகாரம் கிடையாது. வயிற்றுக்காரருக்கு இதைவிடச் சிக்கலான பலகாரமும் கிடையாது. பருப்பில் உள்ள சில வகைச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்கே காத்திருக்கும் கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்குகின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருளும் அதே வழிதான். வாயு எல்லோருக்கும் உண்டாகும். குடல் கூச்சம் உள்ளவருக்குத்தான் அது வலியாகவும் உப்புசமாகவும் தெரியும். அதற்கு மேல் எண்ணெய் சேரும்போது இரைப்பை காலியாவதும் தாமதப்படும்.

மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் இருவரும் இப்படிப் புளித்து வாயுவாகும் மாவுப்பொருள்களையெல்லாம் ஒரு குடையின் கீழ் கொண்டுவந்து 2005-இல் ஃபாட்மேப் என்று பெயரிட்டார்கள். எரிச்சல் குடல் நோய்க்கு, அதாவது பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் வலியும் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறிமாறி வரும் அந்த அவஸ்தைக்கு, இன்று உலகெங்கும் சொல்லப்படும் உணவு முறை அதுதான். நம் ஆட்கள் அதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கைபேசியில் வரும் விலக்க வேண்டிய பட்டியலைப் பார்த்து வெங்காயம், பூண்டு, பருப்பு, பால், கோதுமை, மாம்பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். வயிறு கொஞ்சம் அடங்குகிறது. அப்படியே வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

அந்த முறையை வகுத்தவர்கள் சொன்னது இதுவல்ல. விலக்கி வைப்பது இரண்டிலிருந்து ஆறு வாரம் மட்டும். அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்: முதலில் கொஞ்சம் பூண்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம், பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி, அடுத்து பால். எது, எந்த அளவில் படுத்துகிறது என்பது அப்போதுதான் தெரியும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பொருள்தான் பகை. மற்றவை எல்லாம் அநியாயமாகத் தண்டனை அனுபவிக்கின்றன. அந்தப் பொருள்கள் நல்ல குடல் கிருமிகளுக்குத் தீனி என்பதால் நிரந்தரமாக ஒதுக்கினால் நமக்குத்தான் நஷ்டம். வயது மூத்தவர்கள் இப்படி ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் ரசஞ்சாதமும் ரஸ்க்குமாக உடம்பு கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவர் துணையோடு செய்யுங்கள். முடியாவிட்டால், பழைய டைரி ஒன்று போதும். தின்றது, மணி, வயிறு என்ன சொன்னது. ராத்திரி தூக்கத்தையும் அலுவலகச் சண்டையையும் சேர்த்து எழுதுங்கள். குடலுக்கு இரண்டும் தெரியும். வடைதான் காரணம் என்று நினைத்த எத்தனையோ பேருக்கு, காலியான வயிற்றில் குடித்த மூன்றாவது காபி சிக்கியிருக்கிறது.

திரும்பக் கொண்டுவருவதற்கு நம் சமையலில் வழிகள் நிறைய. சுண்டலுக்குக் கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வாயுச் சர்க்கரையில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு முளைகட்டிய பாசிப்பயறு அரைக் கிண்ணம் ஒத்துக்கொள்ளலாம். பூண்டு வாசனை வேண்டும், பூண்டு வேண்டாம் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது: ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் நசுக்கிய பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, பூண்டை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் பொரியைக் கிளறுங்கள். மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை, ஒரு கை வேர்க்கடலை. காரப் பொரி தயார். அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு போட்ட எண்ணெயை அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தால் அதில் கொடிய நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

பெருங்காயம் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்து நம் ரசத்தையே தன் ரசமாக்கிக்கொண்ட பிசின் அது. இந்தியாவிலேயே விளைவிக்கும் முயற்சியாக இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் கன்றை நட்டது 2020-இல்தான். கடையில் டப்பாவில் வருவது கூட்டுப் பெருங்காயம். பலவற்றில் மைதா கலந்திருக்கும். கோதுமைப் புரதமே ஆகாத சீலியாக் நோயாளிகள் பின்பக்கத்தைப் படித்து, அரிசி மாவு கலந்ததைத் தேடி வாங்க வேண்டும். சீலியாக் வட மாநிலங்களில் அதிகம், தெற்கில் குறைவு. சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

பால் விஷயம் சுருக்கமானது. சிறுவயதில் பால் சர்க்கரையைச் செரித்த நொதி நம்மில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்றுவிடுவதால், பால் ஆகாதவருக்கும் மோர் ஆகலாம். சாயங்காலம் பாலுக்குப் பதில் இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர் குடித்துப் பாருங்கள். சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பவர்கள் சுகர் ஃப்ரீ என்று அட்டையில் போட்ட இனிப்பிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதில் இருக்கும் மால்டிடால், சார்பிடால் வகையறா குடலில் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். பொட்டலத்தின் பின்னால் பொடி எழுத்தில் அதை அவர்களே ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

மலச்சிக்கல்காரர்கள் ஓட்ஸையும் தவிட்டையும் ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டு, வயிறு இன்னும் உப்பிவிட்டது என்று எழுதுகிறார்கள். நார்ச்சத்தை வாரக்கணக்கில், தண்ணீரோடு சேர்த்துக் கூட்டுங்கள். கோதுமைத் தவிட்டைவிட இசப்கோல் குடல் கூச்சம் உள்ளவர்களுக்கு இதமானது. பப்பாளித் துண்டு, நன்றாகக் கனிந்த கொய்யா இரண்டும் நாலு மணிக்கு நல்ல துணை.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மலத்தில் ரத்தம், தார் போல் கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, தூக்கத்தைக் கலைக்கும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தொடங்கிய தொந்தரவு, இவற்றில் எது இருந்தாலும் டைரியை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். இந்தப் பக்கம் அவருக்கு மாற்று இல்லை.

இனி நம் பத்திரிகைக்கு வருகிறேன். இந்த இதழிலிருந்து எல்லாப் பலகாரக் குறிப்புகளின் கீழும் ஒரு வரி கூடுதலாக வரும்: பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், பூண்டு இவற்றில் எதெல்லாம் அதில் இருக்கிறது, எதை எடுத்துவிட்டாலும் பதம் கெடாது, எதை எடுத்தால் கெடும். சமையல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா முதல் வேலையாக வெங்காயமில்லாத கார அவல், தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை, பொடி இட்லி மூன்றையும் செய்து பார்த்து 42-ஆம் பக்கத்தில் கொடுத்திருக்கிறார். பொடியில் பருப்பைக் குறைத்து எள்ளைக் கூட்டியிருக்கிறார். மசால் வடையில் பருப்புக்குப் பதில் என்ன போடலாம் என்று கேட்டேன். அதற்குப் பெயர் மசால் வடை இல்லை என்று சொல்லிவிட்டார். உங்களில் யாருக்காவது வேறு வழி தெரிந்தால் எழுதுங்கள்; அவரிடம் காட்டாமல் முதலில் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்